பச்சை மையில் ஒரு ‘பார்த்தேன்’

நகரமன்றக் கோப்பில் ஓர் அதிகாரி எழுதக்கூடிய சொற்கள் மொத்தமே மூன்றுதான். ‘ஒப்புதல்’ என்று எழுதினால் பின்னால் ஏதாவது ஆகும்போது தலை உருளும். ‘மறுப்பு’ என்று எழுதினால் அன்றைக்கே சண்டை. மூன்றாவது சொல்லில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ‘பார்த்தேன்’ என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டால் கோப்பு மேசையை விட்டு நகர்ந்துவிடும். பதில் சொன்ன மாதிரியும் இருக்கும், எதிலும் சிக்காத மாதிரியும் இருக்கும். இப்படி ஒரு சொல்லைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் மேலாளரம்மா அவன் கழுத்தைத் திருகியிருப்பாள். ஆனால் அந்தக் கோபமெல்லாம் பின்னால் வந்தது. அதற்கு முன்பு இருபத்தாறு வருஷம் அந்தச் சொல்தான் அவளுக்குச் சோறு போட்டது.

தட்டச்சராக உள்ளே நுழைந்து, படிப்படியாக ஏறி, பெரிய நகரமன்றம் ஒன்றின் மேலாளராக உட்கார்ந்தவள் அவள். வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். அவளுக்குத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. வேலை, வேலை, வேலை. அறுபது கோப்பு வந்தாலும் காலை டீ ஆறுவதற்குள் தீர்த்துவிடுவாள் என்று அலுவலகத்தில் பேச்சு. பச்சை மையில் எழுதும் உரிமை அங்கே அவள் ஒருத்திக்குத்தான். அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்ததும் கீழே இருக்கிறவர்கள் அடுத்த பக்கத்தைத் திருப்பக்கூட மாட்டார்கள். அம்மாவே பார்த்தாயிற்று, அப்புறம் என்ன?

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு, நகரமன்றத்துச் சந்தைக் கட்டடத்தின் முன்கூரை பெயர்ந்து விழுந்தது. அதன் கீழே உட்கார்ந்து பூட்டு பழுது பார்க்கிறவருடைய வலது கை நசுங்கிப் போயிற்று. விரல் எதுவும் மிஞ்சவில்லை. விசாரணை வந்தது. எட்டு மாதத்துக்கு முந்தைய கோப்பு ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார்கள். ‘சந்தை முன்கூரையில் விரிசல். கம்பி வெளியே தெரிகிறது. கீழே ஆட்கள் உட்கார்ந்து தொழில் செய்கிறார்கள். உடனே அந்த இடத்தை அடைக்க வேண்டும்’ என்று ஒரு கீழ்நிலை ஊழியர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே பச்சை மையில், அழகான எழுத்தில், ‘பார்த்தேன்’.

“பாத்தீங்களா, இல்லையா?” என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

“பாத்தேன். பொறியாளரக் கூப்பிட்டு வாயால சொல்லிட்டேன்” என்றாள் அவள்.

பொறியாளர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். “எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமலே.

அவர் சொன்னது உண்மை. அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தால்தானே? அந்தக் கோப்பில் ஒரு வரிகூட அவள் படிக்கவில்லை. அன்றைக்குக் குவியலில் நாற்பதாவதோ நாற்பத்தொன்றாவதோ. மேலட்டையைத் திருப்பினாள், பேனா தானாக ஓடிற்று. படிக்கவில்லை என்று சொன்னால் மானம் போகும், பார்த்தேன் என்று சொன்னால் வேலை போகும் என்று நினைத்து, மானத்தைப் பிடித்துக்கொண்டு வேலையை விட்டாள். கடைசியில் இரண்டும் போயிற்று. ‘பார்த்தாராம்’ என்று கொட்டை எழுத்தில் பேப்பரில் போட்டார்கள். மறுநாளிலிருந்து ஊருக்கே அவள் பார்த்தேன் அம்மா. மேசையைக் காலி செய்து அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது, அவள் கை பிடித்து வேலை கற்றுக்கொண்டவர்களெல்லாம் திடீரென்று கணினித் திரைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். நன்றி கெட்ட கூட்டம் என்று அவள் மனதுக்குள் கரித்துக் கொட்டினாள்.

அரசுக் குடியிருப்பையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அக்கா வீட்டின் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே ஒரு தையல் மெஷின், இஸ்திரி போடும் மேசை, மூன்று பழைய சூட்கேஸ். மிச்ச இடத்தில் அவளுக்கு ஒரு மடக்குக் கட்டில். அக்கா முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அன்பு உண்டு, ஆனால் அதை வாயைத் தவிர மற்ற எல்லா உறுப்பாலும் காட்டுவாள். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்பாள்.

“ஏன்டி, நெசமாச் சொல்லு. அந்தக் காகிதத்தப் படிச்சியா நீ?”

“அக்கா, சாப்பிட விடு.”

“படிச்சிருக்க மாட்ட. எனக்குத் தெரியும். மருந்து குடுக்காமலே குடுத்தேன்னு நான் சார்ட்ல எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும்? நாலு பொணம் விழுந்திருக்கும்.”

“என்னை மாட்டிவிட்டுட்டாங்க அக்கா. பொறியாளரும் அந்த மேயரும் சேர்ந்து கண்ணசைச்சு வெச்சாங்க. இது உனக்கு எங்க புரியப்போகுது.”

“ஆமா, எனக்கு ஒண்ணும் புரியாது. சோறு வடிக்க மட்டும்தான் தெரியும். இன்னும் கொஞ்சம் போடவா?”

இப்படியே ஒன்றரை வருஷம். இடையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மேலாளர் வேலை கிடைத்தது. மேலாளர் என்பது பெயருக்குத்தான். லிஃப்ட் நின்றால் அவள். நாலாவது மாடிக்காரர் செடிக்கு ஊற்றும் தண்ணீர் மூன்றாவது மாடிக்காரர் துணியில் சொட்டினால் அவள். யாரோ வண்டியைக் குறுக்கே நிறுத்தினாலும் அவள். நகரத்துக்கே குழாய் திறந்தவள், இப்போது எவனோ ஒருவனுடைய குளியலறைக் குழாய்க்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது மாதத்தில் சங்கச் செயலாளர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், “அம்மா பாத்துட்டாங்களா, இல்ல பார்த்தேன்னு எழுதிட்டாங்களா?” என்று கேட்டு வைத்தார். சாவிக்கொத்தை அவர் மடியில் வீசிவிட்டு வந்துவிட்டாள்.

நகரமன்ற வேலைக்கு விண்ணப்பம் போடுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. அவளுக்கு வேண்டியது அந்த நாற்காலிதான். வேறு நாற்காலி எதுவும் உட்காருகிற மாதிரி இல்லை. பதினொரு ஊருக்குப் போட்டாள். ஏழு ஊர் பதிலே போடவில்லை. நான்கு ஊர் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது, வேடிக்கை பார்க்க. எல்லா மேசையிலும் ஒரே கேள்வி. அவளும் ஒரு பதிலை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்: அது தனிநபர் தவறு அல்ல, நடைமுறையில் இருந்த குறைபாடு, அதிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டேன் என்று. ஓர் ஊரில் ஒரு மனிதர் அவள் விண்ணப்பத்தைத் தூக்கிப் பிடித்துக் கேட்டார்.

“இத நீங்க அனுப்பறதுக்கு முன்னாடி படிச்சீங்களா, இல்ல சும்மா பாத்தீங்களா?”

மேசையே சிரிப்பில் குலுங்கியது. அவள் எழுந்து அந்தக் காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். “கேட்டதுக்கு நன்றி. நாக்கு ரொம்ப நீளம் உங்களுக்கு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதாள். அதுவும் ஆத்திரத்தில் வந்த அழுகைதான்.

பன்னிரண்டாவதாகப் போட்ட ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்று மணி நேரப் பயணத்தில் ஒரு சின்ன ஊர். பதினோரு உறுப்பினர் கொண்ட மன்றம். மேலாளர் தேவை, ஆறு மாதம் தற்காலிகம், அதன்பின் மன்றம் வாக்களித்து நிரந்தரம் செய்யும். தலைவர் மட்டும் அவளைத் தனியாகப் பார்த்தார். வழுக்கைத் தலை, வாய் நிறையச் சிரிப்பு. அந்தக் கேள்வியை அவர் கேட்கவேயில்லை.

“உங்களப் பத்தி எல்லாம் விசாரிச்சுட்டேன்மா. எங்களுக்கு உங்கள மாதிரி ஆள்தான் வேணும்.”

அந்த ஒரு வாக்கியத்தை அவள் மூன்று மணி நேரம் பஸ்ஸில் மனதுக்குள் சுவைத்துக்கொண்டே வந்தாள். இந்த உலகத்தில் ஒருவனுக்காவது கண் இருக்கிறதே என்று நினைத்தாள். அக்காவிடம் சொன்னபோது அவள், “எதுக்காம் உன்ன மாதிரி ஆளு?” என்று கேட்டாள். வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டு இவள் பெட்டி கட்டினாள்.

அந்த ஊர் அலுவலகத்தில் யாரும் அவளை வரவேற்கவில்லை. ஜன்னல் சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. பிறப்புச் சான்றிதழ்ப் பிரிவில் நானூறு விண்ணப்பம் முடங்கிக் கிடந்தது. அதன்மேல் ஒரு ஃபேன் படுத்திருந்தது. குப்பை வண்டி எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை போகும் என்பது ஓட்டுநருக்கே தெரியாது. அவள் வந்த முதல் வாரமே ஃபேனை மாட்ட வைத்தாள், நானூறையும் இரண்டு மாதத்தில் தீர்த்தாள், குப்பை வண்டிக்கு ஓர் அட்டவணை போட்டு ஓட்டுநரின் இருக்கைக்கு எதிரே ஒட்டினாள். ஊழியர்கள் அவளைப் பார்த்தாலே முகத்தைச் சுளித்தார்கள். அவள் நடந்துபோனால் முதுகுக்குப் பின்னால் யாராவது ஒருவர், “பார்த்தேன் போறா” என்பார்கள். இந்த ஊருக்கும் அந்தப் பெயர் பஸ் ஏறி வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆறு மாதம். அதன்பிறகு நாற்காலி அவளுடையது. அப்போது வைத்துக்கொள்கிறேன் இவர்களை என்று கணக்குப் போட்டிருந்தாள்.

கணக்கு என்றால் அந்த ஊரில் இன்னொருத்தி இருந்தாள். மன்றத்தில் எதிர் வரிசையில் உட்காருகிற ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். குச்சி மாதிரி உடம்பு, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வொரு தீர்மானத்திலும் எழுந்து நின்று, “மேலாளரம்மா, இத நீங்க படிச்சீங்களா, பாத்தீங்களா?” என்று கேட்பாள். உறுப்பினர்கள் சிரிப்பார்கள். டீச்சர் சிரிக்க மாட்டாள். அவளுக்கு அது நகைச்சுவை இல்லை. வீட்டுப்பாடம் கேட்கிற மாதிரி கேட்பாள். மேலாளரம்மாவுக்கு அந்த ஊரிலேயே மிகவும் பிடிக்காத மனுஷி அவள்தான்.

வாக்கெடுப்புக்கு நாலு நாள் முன்பு தலைவர் ஒரு கோப்பைத் தானே கையில் எடுத்துக்கொண்டு அவள் அறைக்கு வந்தார். தலைவர் கோப்பு தூக்கி வருவதே அதிசயம். ஊர் விளையாட்டு மைதானத்தில் பார்வையாளர் உட்காரும் இரும்பு மேடை. புதிதாகக் கட்டியது அவருடைய மச்சான். மாதக் கடைசியில் திறப்பு. பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான ஓட்டப் பந்தயத்தோடு திறப்பதாக நோட்டீஸ் அடித்தாயிற்று. கோப்பில் மைதான மேற்பார்வையாளர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார்.

“ஒண்ணும் இல்லம்மா. இந்த மேற்பார்வையாளருக்கு வேற வேலை இல்ல, எதையாவது எழுதிட்டே இருப்பான். ஒப்புதல் நான் குடுத்துக்கிறேன். நீங்க உங்க அந்த ஒரு வார்த்தைய மட்டும் போட்டு அனுப்புங்க.”

“எந்த வார்த்தை?” என்றாள். கேட்கும்போதே காது மடல் சூடாகிவிட்டது.

“என்னம்மா இப்படிக் கேக்கறீங்க. அதுக்காகத்தானே பன்னெண்டு பேர்ல உங்கள எடுத்தோம்.” அதே வாய் நிறையச் சிரிப்பு. “கூட்டத்துல மூணாவது இந்தக் கோப்பு. ஒம்பதாவது உங்க நிரந்தரம். ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு தானா நடக்கும்.”

அவர் போன பிறகு அவள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உங்களை மாதிரி ஆள்தான் வேண்டும். ஆறு மாதமாக ஆசை ஆசையாக வைத்திருந்த வாக்கியம் வாய்க்குள்ளேயே கசந்தது. இவளுடைய அனுபவத்துக்காக எடுக்கவில்லை, திறமைக்காக எடுக்கவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் என்று பேர் எடுத்ததால் எடுத்திருக்கிறார்கள். நேர்முகத்துக்குக் கூப்பிட்ட நாலு ஊர்க்காரர்களும் முகத்துக்கு நேரே அவமானப்படுத்தினார்கள். இவன் சிரித்துக்கொண்டே செய்துவிட்டான். அவள் மேற்பார்வையாளரின் இரண்டு பக்கத்தையும் எடுத்துப் படித்தாள். மெதுவாக, வரி வரியாக. மேடையைத் தாங்கும் போல்ட்டுகள் பழைய சரக்கு, துருப்பிடித்தவை, பல இடங்களில் முறுக்கவேயில்லை என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். விஷயத்தைச் சொன்னாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“கையெழுத்துப் போட்டா வேலை. போடலேன்னா திரும்ப இந்தக் கட்டிலு. அவ்வளவுதான?”

“ஆமா.”

“என்னக் கேட்டா? எனக்கு இந்த ரூம் வேணும். துணி காயப் போட எடமில்ல.” மடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள். “அந்தப் பூட்டுக்காரர ஒரு தரமாவது போய்ப் பாத்தியாடி நீ? ஆஸ்பத்திரியில கெடந்தப்பகூடப் போகல.”

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

சந்தைக்குப் போனாள். புதுக் கூரை போட்டிருந்தார்கள். அதே இடத்தில் அவர் இருந்தார். பூட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவி. அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, “இடது பக்கம் திருப்பு, இன்னும், இன்னும், அவசரப்படாத” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வலது கை சட்டைக்குள் மடங்கியிருந்தது.

“பூட்டு வேணுமாம்மா?” என்றாள் மனைவி.

“இல்ல. உங்க வீட்டுக்காரரப் பாக்க வந்தேன்.” யாரென்று சொன்னாள்.

மனைவியின் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவர் நின்றது. அவர் அவளை மேலும் கீழும் அளந்தார்.

“பாத்தாச்சுல்ல. கெளம்புங்க.”

அவள் கிளம்பவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் மறுபடி பேசினார்.

“ஒண்ணு கேக்கறேன். அந்தக் காகிதத்துல விரிசல்னு எழுதியிருந்துச்சாமே. அதப் படிச்சீங்களா?”

விசாரணை அதிகாரிக்குச் சொன்ன பதில் இருந்தது; நாலு ஊருக்குச் சொன்ன பதில் இருந்தது. இரண்டும் அந்த ஸ்டூலுக்கு முன்னால் வாயைத் திறக்க மாட்டேன் என்றன.

“இல்ல” என்றாள். “படிக்கல. படிக்காமலே பார்த்தேன்னு எழுதிட்டேன்.”

அவர் மனைவியைப் பார்த்துச் சொன்னார், அவளிடம் இல்லை. “ரெண்டு வருஷமா நாம என்னமோ நெனச்சிட்டு இருந்தோம். படிச்சுட்டு, இவன் செத்தா என்னன்னு விட்டுட்டா போலன்னு. இல்லையாம். படிக்கவேயில்லையாம். நாம அதுக்குக்கூட லாயக்கில்ல.”

“நான்...”

“வெளிச்சத்த மறைக்கிறீங்க. பூட்டு வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லேன்னா நகருங்க.”

அவள் ஒரு பூட்டு வாங்கினாள். இருந்ததிலேயே பெரியது, கனமானது. மனைவிதான் எடுத்துக் கொடுத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ்ஸில் அந்தப் பூட்டு மடியில் கனத்துக்கொண்டே வந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததைக்கூட அந்த மனிதர் முடிக்க விடவில்லையே என்று வழியெல்லாம் கோபம். அந்தக் கோபத்துக்குத் தனக்கு என்ன உரிமை என்று நினைத்து அதன்மேல் இன்னொரு கோபம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மைதானத்தில் இருந்தாள். மேற்பார்வையாளர் டார்ச்சோடு வந்தார். அதிகாரி ஒருவர் தன் குறிப்பைப் படித்துவிட்டு நேரில் வருவது அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாம், நம்ப முடியாமல் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடைக்கு அடியில் குனிந்து போனாள். முழங்கால் வலியில் உயிர் போயிற்று. ஒவ்வொரு போல்ட்டாகக் கையால் திருகிப் பார்த்தாள். தொண்ணூற்றாறில் நாற்பத்தொன்று விரலாலேயே சுழன்றது. வெளியே வந்தபோது உள்ளங்கை முழுக்கத் துரு. பையிலிருந்து பூட்டை எடுத்து, மேடைக்கு ஏறும் வழியின் கம்பிக் கதவில் போடச் சொன்னாள்.

“உத்தரவு இல்லாம எப்படிம்மா பூட்றது?” என்றார் மேற்பார்வையாளர்.

“உத்தரவு நாளைக்கு வரும். கேட்டா, நான் பூட்டினேன்னு சொல்லுங்க.”

இப்போது அவள் செய்ததைக் கேளுங்கள். அலுவலகத்துக்கு வந்து கோப்பைத் திறந்தாள். முதல் பக்கத்தில், தலைவர் கேட்ட மாதிரியே, பச்சை மையில், பெரிதாக, அழகாக ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே சின்ன எழுத்தில் ‘விவரம் பின்பக்கம்’. பக்கத்தைத் திருப்பி, தொண்ணூற்றாறு போல்ட்டின் கதையையும் எழுதினாள். மேடையை மூட வேண்டும், முழுக்கப் பிரித்து வேறு ஆளை வைத்துக் கட்ட வேண்டும் என்றும் எழுதினாள். கோப்பைத் தலைவருக்கு அனுப்பினாள். பச்சை எழுத்தைக் கண்டால் யாரும் பக்கத்தைத் திருப்ப மாட்டார்கள் என்பது அவளுடைய இருபத்தாறு வருஷ அனுபவம். அந்த அனுபவம் முதல் தடவையாக அவளுக்கு உதவிற்று. மாலைக்குள் கோப்பு திரும்பி வந்தது. முதல் பக்கத்திலேயே, அவள் கையெழுத்துக்குக் கீழே, தலைவர் வழக்கமாக எழுதுகிற வாசகம்: ‘மேலாளரின் குறிப்பின்படி ஒப்புதல் அளிக்கப்படுகிறது.’ அவர் கையெழுத்து, தேதி.

மறுநாள் கூட்டத்தில் பதினோரு பேரும் வந்திருந்தார்கள். மூன்றாவது தீர்மானம் வந்தது. தலைவர் கோப்பை உயர்த்திக் காட்டி, “மேலாளரம்மா பாத்துட்டாங்க, நானும் ஒப்புதல் குடுத்துட்டேன். அடுத்தது” என்றார்.

கணக்கு டீச்சர் எழுந்தாள். “மேலாளரம்மா, படிச்சீங்களா, பாத்தீங்களா?”

வழக்கம்போல் சிரிப்பு. ஒன்பதாவது தீர்மானம் வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் நாற்காலி கைக்கு வந்துவிடும். பூட்டு எப்படியும் தொங்கிக்கொண்டிருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. மூடும் உத்தரவை நாளைக்கு எடுத்து வெளியே விட்டால் போதும். சொன்னால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள்.

“படிச்சேன். நேர்ல போயும் பாத்தேன். குறிப்பு பின்பக்கம் இருக்கு. எழுத்தர வாசிக்கச் சொல்லுங்க.”

எழுத்தர் வாசித்தார். தொண்ணூற்றாறு, நாற்பத்தொன்று, துரு, மூட வேண்டும், வேறு ஆள். ஒவ்வொரு வரிக்கும் தலைவரின் முகத்தில் ஒரு நிறம் வந்து போயிற்று. கடைசியில், ‘மேலாளரின் குறிப்பின்படி ஒப்புதல் அளிக்கப்படுகிறது’ என்று அவருடைய வாசகத்தையே அவருக்கு வாசித்துக் காட்டி எழுத்தர் உட்கார்ந்தார்.

டீச்சர் திரும்பினாள். “தலைவரே, நல்ல காரியம். சொந்த மச்சான்னுகூடப் பாக்காம ஒப்புதல் குடுத்திருக்கீங்க. படிச்சுட்டுத்தானே போட்டீங்க?”

தலைவர் கைக்குட்டையை எடுத்தார். படிக்கவில்லை என்றால் மானம். படித்தேன் என்றால் மச்சான்.

“பாத்தேன்” என்றார். “பாத்துட்டுத்தான்... போட்டேன்.”

மன்றம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எழுத்தர்கூடச் சிரித்தார். மேலாளரம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. விசாரணை அறையில் தன் குரல் எப்படிக் கேட்டிருக்கும் என்று இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இவ்வளவு கேவலமாகவா கேட்டிருக்கும்?

ஒன்பதாவது தீர்மானம். தலைவர் அவளைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். டீச்சர் மறுபடி எழுந்தாள். “வாக்குக்கு முன்னாடி ஒரு கேள்வி. பழைய ஊர்ல நடந்ததுக்கு இவங்க இதுவரைக்கும் நேரா பதில் சொன்னதே இல்ல. நடைமுறைக் குறைபாடுன்னு விண்ணப்பத்துல எழுதியிருக்காங்க. அந்தக் கோப்பப் படிச்சீங்களா?”

“படிக்கல. படிக்காம பார்த்தேன்னு எழுதினேன். விசாரணையில பொய் சொன்னேன். ஒருத்தரோட கை போச்சு.”

எழுத்தர் பேனாவை நிறுத்தினார். “இதையும் எழுதணுமா?”

“எழுதுங்க” என்றாள் மேலாளரம்மா.

தலைவரின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. வாயாலேயே ஒத்துக்கொண்டுவிட்டாள், இதை வைத்தே துரத்திவிடலாம். மறுகணம் அந்த மலர்ச்சி அப்படியே வாடிற்று. படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்காக ஒருத்தியைத் துரத்துவதாக இருந்தால், அதே மேசையில் இருக்கிற இன்னொரு கையெழுத்தை என்ன செய்வது? “அது பழைய கதை” என்றார் அவசரமாக. “அதெல்லாம் இப்ப எதுக்கு? நிரந்தரம் பண்ணிடலாம்னு நானே முன்மொழியறேன்.” அவருடைய ஆட்கள் அவர் முகத்தைப் பார்த்துக் குழம்பி, கை தூக்கினார்கள். ஆதரவு எட்டு, எதிர்ப்பு மூன்று.

எதிர்த்த மூன்றில் ஒன்று கணக்கு டீச்சருடையது. கூட்டம் கலைந்ததும் அவள் மேலாளரம்மாவின் மேசைக்கு வந்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. தப்பா எடுத்துக்கிட்டாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. ஒரு கோப்பு ஒழுங்காப் படிச்சதுக்கெல்லாம் நான் கை தூக்க மாட்டேன்.”

“உங்க கையக் கேட்டு நான் வரலையே.”

“நல்லது. அடுத்த கூட்டத்துலயும் கேப்பேன்” என்று சொல்லிவிட்டு டீச்சர் போனாள்.

தலைவர் போகிறபோது கதவருகே நின்றார். சிரிப்பு இல்லாத அவர் முகத்தை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். “இனிமே நீங்க எழுதற ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் படிப்பேன்மா” என்றார். மிரட்டல்தான் அது. மிரட்டுகிறவருக்குத் தான் என்ன சொல்கிறோம் என்று புரியவில்லை.

நாற்காலி அவளுடையதாயிற்று. பெயர்ப் பலகை மாட்டினார்கள். அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னாள். “அப்ப அந்தக் கட்டில மடிச்சு வெச்சுடறேன்” என்றாள் அக்கா.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பு தட்டச்சாகி வந்ததும், ஒன்பதாவது தீர்மானம் இருந்த பக்கத்தை நகல் எடுத்தாள். ‘படிக்கவில்லை. படிக்காமல் பார்த்தேன் என்று எழுதினேன். விசாரணையில் பொய் சொன்னேன். ஒருவருடைய கை போயிற்று’ என்று அச்சு எழுத்தில் இருந்தது. ஒரு கடிதமும் வைக்காமல், அந்த ஒரு பக்கத்தை மட்டும் உறையிலிட்டு, சந்தையில் பூட்டுக்காரர் பெயருக்கு அனுப்பினாள். மன்னிப்பை எதிர்பார்க்கவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் தினம் தபால் வரும் நேரத்தில் கண் கதவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ஓர் உறை வந்தது. உள்ளே அவள் அனுப்பிய அதே பக்கம். வேறு எதுவும் இல்லை. திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் காலி. மறுபடி முன்பக்கம். அடியில், இடது கையால் எழுதிய கோணல் மாணலான எழுத்தில், ஒரே ஒரு சொல்.

பார்த்தேன்.

கீழே கையெழுத்து, தேதி. படித்துவிட்டு எழுதினாரா, படிக்காமலே எழுதினாரா என்று அதை வைத்து அவளால் சொல்ல முடியவில்லை.